பலகையும் வாளியும்

காலை ஒன்பதேகாலுக்கு அருள்முருகன் மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்வார். கன்னம் தரையைத் தொடும். எதிரே மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பதினெட்டுப் பேர் ஒவ்வொருவராகக் குதிப்பார்கள். இரண்டு குதிகாலும் ஒன்றாக மேலே எழும்புகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். "மச்சான், ஒரு காலு தூங்குது பாரு! எழுப்பு அத!" பையன்கள் எல்லோரும் அவருக்கு மச்சான். பெண் குழந்தைகள் மேடம்.

செம்மண்டலத்தில் உள்ள சிறிய மழலையர் பள்ளி அது. 2009 ஜூனில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தார். வயது இருபத்தேழு. சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். நான் தாலுகா அலுவலகப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வீடு பள்ளிக்கு எதிரே. "எனக்கு ஓட வரும் சார், எழுத வராது. நீங்க நோட்டு போட்டுக் குடுங்க" என்றார் அருள்முருகன். போட்டேன். தினமும் காலையில் போய் உட்கார்ந்து, யார் எந்தப் பயிற்சியை எத்தனை தடவை செய்தார்கள் என்று குறித்துவந்தேன்.

குழந்தை விழுந்தால் தூக்க மாட்டார். தாமும் பக்கத்தில் தொப்பென்று விழுவார். "நானும் வுழுந்துட்டேன் மேடம். யாரு மொதல்ல எழுந்திரிக்கறது?" அழ வாய் திறந்த குழந்தை எழுந்து நின்றுவிடும்.

ஜூலையிலேயே பெற்றோர்கள் ஏ, பி, சி, டி எங்கே என்று கேட்டார்கள். "மணிக்கட்டுல பலம் இல்லாம பென்சிலக் குடுத்தா எழுத்து நடுங்கும்மா. மொதல்ல ஒடம்பு" என்பார். அதற்காக இரண்டு பயிற்சிகள் வைத்திருந்தார். ஆறடி நீளம், ஐந்து அங்குல அகலமுள்ள பலகையைச் செங்கல் மேல் வைத்து நடக்கச் சொல்வார். பக்கத்தில் ஒரு வாளி. துணியை நனைத்து, பிழிந்து, பலகையில் ஒட்டிய மண்ணைத் துடைக்க வேண்டும். நடப்பது காலுக்கு, பிழிவது கைக்கு. முறை வைத்து எல்லோரும் இரண்டும் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

அறிவுமதிக்கு நான்கு வயது. முதல் நாளே சொட்டுத் தண்ணீர் நிற்காமல் பிழிந்தாள். "பாருங்கடா, மேடம் புழியறத!" என்று அவர் கைதட்டினார். பிழிய வராத குழந்தைகள் தங்கள் துணியையும் அவளிடம் நீட்டினார்கள். அவளும் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 9, புதன்கிழமை, காலை 10.20. மறந்துபோன சாப்பாட்டு டப்பாவோடு அவள் அம்மா மாரியம்மாள் வந்தார். பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் மூன்று வீடுகளுக்குத் துணி துவைத்துப் பாத்திரம் தேய்ப்பவர். பிள்ளைகள் பலகையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் வாளி முன்னால் குந்தியிருந்தாள்.

"எழுந்திரிடி."

அருள்முருகன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். "அம்மா, இது வேலை இல்ல, பயிற்சி. பென்சில் புடிக்கக் கையில பலம் வரணும்ல?"

"எம் பொண்ணு பென்சில் புடிக்கலியா?"

சேர்ந்த அன்றே நன்றாகப் பிடித்தவள் அவள்.

"நான் மூணு வூட்டுல புழியறது பத்தாதா சார்? மத்த புள்ளைங்க புழிஞ்சா வெளையாட்டு. எம் பொண்ணு புழிஞ்சா அது வேலை. ஒங்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்."

"எல்லாப் புள்ளைக்கும் ஒரே கணக்குதாம்மா. சார், நோட்டப் பாத்து நீங்களே சொல்லுங்க" என்று நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார்.

நவம்பர் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு எண்ணும் நான் எழுதியது. நாள்வாரியாகக் கூட்டியிருந்தேனே தவிர, குழந்தைவாரியாகக் கூட்டிப் பார்த்ததில்லை. இப்போது விரல் வைத்துக் கூட்டினேன். தவறு என்று நினைத்து மறுபடியும் கூட்டினேன்.

"மற்ற பதினேழு பேரும் பலகையில் முப்பது தடவைக்குக் குறையவில்லை" என்றேன். "அறிவுமதி பலகையில் மூன்று. வாளியில் நாற்பத்தாறு."

"நெசமாவா சார்?" என்றார் அருள்முருகன்.

"நிஜம்தான்."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "நான் அவள ஒக்காரச் சொல்லலியே... நல்லா புழியறாளேன்னு..."

மாரியம்மாள் மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வா போலாம். நாளைலேர்ந்து இங்க வேணாம்."

"ஒரு தரம் பலகை மேல ஏறிட்டு வரேம்மா" என்றாள் அறிவுமதி.

மற்ற பிள்ளைகள் விலகி நின்றார்கள். ஏறினாள். கைகளை விரிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தொடையோடு ஒட்டி வைத்திருந்தாள். இரண்டாம் அடியில் சரிந்தாள். எழுந்து, முதலிலிருந்து ஏறினாள். மாரியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பலகையோரம் போய், மகளைத் தொடாமல் இருபுறமும் கை நீட்டியபடி கூடவே நடந்தார்.

அருள்முருகன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வாளியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அறிவுமதியின் கைக்கு எட்டாமல் எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிழியாமலே எல்லாவற்றையும் தம் கால்சட்டைப் பைகளுக்குள் திணித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இரண்டு கால்களிலும் வழிந்து ஷூவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.