தட்டைப்பயறு உருண்டையும் இரண்டாம் நெஞ்சுவலியும்

மாரடைப்பை (இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது) வாயு என்று நானே முடிவுசெய்து, ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜீரணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவன் நான். வியர்வையில் சட்டை நனைந்தும் பேச்சை முடித்துவிட்டுத்தான் விழுந்தேன். இத்தனைக்கும் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் பிழைத்தெழுந்தேன். மாத்திரைகளுக்கெல்லாம் தலையாட்டிய நான், டாக்டர் "கறியை நல்லாக் கொறைச்சுக்குங்க, பொரிச்சதை விட்டுருங்க" என்றபோது கண்கலங்கினேன். விசும்பல் கேட்டு என் மனைவி சரசுவைத் தேற்றப் போன நர்ஸ், அழுவது யார் என்று தெரிந்ததும் வந்த வழியே திரும்பிவிட்டார்.

இதே நிலையில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு வாசம் சுவரேறி வரும். நம் தட்டில் சுரைக்காய் இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபிசெட்டிபாளையத்திலிருந்து சரசுவின் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்தது. சந்தகையும் (வேகவைத்த அரிசிமாவை நூலாகப் பிழிவது) கோலா உருண்டையும் (கொத்துக்கறியை அரைத்துப் பிடிப்பது) தயாராகிக்கொண்டிருந்தன. சரசு வாசலுக்குப் போன நேரம் பார்த்து அடுக்களைக்குள் நுழைந்தேன். இட்லிப் பானைக்குள் உருண்டைகள் ஆவி பறக்க இருந்தன.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகியது. அதே இடம். இலை போட்டுக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்தேன்.

"சரசு, உனக்குத் தெரியாமத் தின்னுபோட்டேன். கறி உருண்டை. ரெண்டு."

அவள் திட்டவில்லை. "அண்ணா, ஆட்டோ கூப்புடுங்க" என்று மட்டும் கத்தினாள்.

ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதிவது) எடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோதுதான் உடைந்தாள்.

"அது உங்களுக்குத்தானுங்க செஞ்சது. கொழுப்பில்லாத கொத்துக்கறி கொஞ்சூண்டு, மீதியெல்லாம் தட்டைப்பயறு. டாக்டரைக் கேட்டுப்போட்டுத்தான் செஞ்சேன். ஒரு நாளாச்சும் எல்லாரோடயும் ஒக்காந்து நீங்க சாப்புடோணும்னு…"

எனக்குப் பரிமாறவிருந்ததையே நான் திருடியிருக்கிறேன்.

டாக்டர் சாயங்காலம் வரை படுக்கவைத்து, ரத்தமும் பார்த்து, மறுபடி ஈசிஜியும் எடுத்தார். "இது வாயுங்க. ஆனா வந்தது சரி. அடுத்த தடவையும் நீங்களே முடிவு பண்ணாம வந்துருங்க."

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டைப்பயறை (சில ஊர்களில் காராமணி) முந்தின இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து மசியுங்கள். சோம்பும் இஞ்சியும் தாராளமாகச் சேருங்கள். ஆவியில் வெந்த உருண்டையைக் குழம்பில் போட்டுச் சந்தகையோடு சாப்பிடும்போது மெதுவாக மெல்லுங்கள். திருடுகிறவனுக்கு மெல்ல நேரமிருக்காது.

அன்று வரை உடம்பு என்னைச் சுமந்து திரிந்தது; நான் அதைக் கவனித்ததில்லை. இப்போது மாடிப்படியின் பாதியில் நின்று, அது சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். வருஷக் கணக்கில் திட்டம் போட்டவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது.

அன்று வீடு திரும்பியதும், யாரும் தொடாமல் ஆறிக் கிடந்த பானையைச் சரசு திறந்து பார்த்தாள்.

"ஏனுங்க, சாகப்போறம்னு நெனச்சப்பக்கூட ரெண்டுன்னுதான சொன்னீங்க? இங்க ஏழு கொறையுது."