பட்டப்பகலில் பால் கொடுத்த மரம்

சரசு, நீ சிரிக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடு, நான் ஆரம்பிக்கவே மாட்டேன். பேய், ஆவின்னு யாராவது வாயைத் தொறந்தா "உங்களுக்கு வேற வேலையே இல்லையா"ன்னு எழுந்து போறவதான் நானும். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். என் நேரம், இதையும் கண்ணாலதான் பாத்தேன், அதுவும் பட்டப்பகல்ல, அத்தனை சனம் சுத்தி நிக்கும்போது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம். நம்ம காஜா பெராங் திடல்ல திறந்தவெளியில ஒரு காட்சிசாலை போட்டாங்க. ஒரு பக்கம் நம்ம காட்டு மிருகங்க, முதலை, சருகுமான், பாதி கறுப்பு பாதி வெள்ளையா இருக்குமே தெனோக், அது. இன்னொரு பக்கம் ஊர்ச் சரித்திரம். வெள்ளைக்காரன் பீரங்கி, மலாய்க்காரங்க வீடு, சீனன் கப்பல் பாய்மரம். நம்ம சனத்துக்குன்னு என்ன தெரியுமா? ஒரே ஒரு பால்மரம், ரப்பர் மரம். அந்தத் திடல் முன்னால சின்னத் தோட்டமா இருந்துச்சாம், அதுல மிச்சம் நின்ன கிழட்டு மரம். பட்டை காஞ்சு, பால் நின்னு எத்தனையோ வருஷம்.

ராஜரத்தினம்னு ஒருத்தர்தான் எல்லாத்தையும் நடத்தினார். திறப்பு விழாவுல பால் வெட்டிக் காட்ட ஆள் வேணும்னு என்னைக் கூப்பிட்டார். கல்யாணம் ஆகி டவுனுக்கு வர்ற வரைக்கும் நான் தோட்டத்துல கத்தி புடிச்சவதானே.

"விடியறதுக்குள்ள வெட்டணும்யா. வெயில் ஏறிட்டா பால் இறங்காது"ன்னேன்.

"விருந்தாளிங்க பதினோரு மணிக்குத்தாம்மா வருவாங்க. பால் வரலேன்னா மரத்தைச் சாய்ச்சிட்டு இருவாச்சிப் பறவைக் கூண்டு வெச்சிடலாம். காஞ்ச மரத்தை யாரு காசு குடுத்துப் பாப்பா?"

எனக்கு வயிறு எரிஞ்சுது சரசு. என்னைப் பெத்தவங்க ரெண்டு பேரும் பால்மரத்துக்கே உழைச்சு ஓடாத் தேஞ்சு போனவங்க. ஊரைப் புடிக்க வந்தவன் பீரங்கிக்கு இடம் இருக்கு, எங்களுக்கு இல்லையா?

பதினோரு மணி. மண்டையைப் பொளக்குற வெயில். பட்டையை அலுங்காம சீவி, பால் வழிஞ்சு இறங்கத் தகரப் பீலி அடிச்சு, கீழே மங்கு வெச்சேன். பீங்கான் கோப்பைதான், நாங்க மங்குன்னுதான் சொல்லுவோம். ஒரு சொட்டு இல்ல. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். சனம் சிரிக்க ஆரம்பிச்சுது. ராஜரத்தினம் காதுகிட்ட வந்து, "லெட்சுமி, போதும்மா, மானம் போகுது"ங்கிறார். எனக்கு வந்துச்சு பாரு கோவம்! மரத்துமேல ஓங்கி ஒரு அறை. "எங்க சனம் உனக்குக் குடுத்ததுல ஒரு மங்கு திருப்பிக் குடு, சனியனே!" சாமி கும்பிடல, வேண்டுதல் வைக்கல, திட்டினேன், அவ்வளவுதான்.

நம்பினா நம்பு, நம்பாட்டி போ. என்னைச் சுத்தி மட்டும் குளிர்ந்துச்சு. தோட்டத்துல விடியக்காலை நாலரை மணிக்கு அடிக்குமே, அந்தக் குளிர். பனி நனைஞ்ச சருகு வாசனை. கையில மயிரெல்லாம் நட்டுக்கிச்சு. என் வெட்டுல வெள்ளையா ஒரு கோடு ஊறி, பீலியில நின்னு, சொட்டுச்சு.

தெனோக்கைப் பாத்துக்கிற மலாய்க்காரர் பாக் மான்தான் முதல்ல கண்டுட்டார். "சுசு டா கெலுவார்!" பால் வந்துடுச்சுன்னு மலாய்ல ஒரே கத்து. மங்கு ரொம்பி வழிஞ்சுது. இன்னொண்ணு வெச்சேன், அதுவும் ரொம்புச்சு. அப்புறம் வாளியே கொண்டாந்தாங்க. நம்ம பொம்பளைங்க குலவை போட்டாளுங்க பாரு, பீரங்கியைப் பாக்க நின்னவன்லாம் அதை விட்டுட்டு இங்க ஓடி வந்தான்! ராஜரத்தினம் என் முன்னால கையெடுத்துக் கும்பிட்டார். "மரம் இங்கதாம்மா இருக்கும். நான் இருக்கிற வரைக்கும் எவனும் கை வைக்க மாட்டான்." ஒரே வாரத்துல பலகை நட்டு, தோட்டத்துத் தமிழர் உழைப்புன்னு பெருசா எழுதினாங்க. அன்னிக்கு நான் நடந்து வீட்டுக்குப் போனதைப் பாத்திருக்கணும் நீ, ராணி தோத்துடுவா. இப்ப நெனச்சாலும் நெஞ்சு நிமிருது.

ஆனா மறுநாள் காலைல ஒட்டுப்பால் உரிக்கப் போனேன். வெட்டுல காஞ்சு ஒட்டிக்கிற பாலைக் கயிறாட்டம் உரிச்சு எடுக்கணும், பழகின கை சும்மா இருக்குமா? என் வெட்டுல ஒண்ணுமே இல்ல. பால் இறங்கின தடமே இல்லாம, காஞ்ச விறகாட்டம் கெடக்குது. ஒருவேளை யாராவது உரிச்சிட்டாங்களோன்னு சுத்தி வந்து எட்டிப் பாத்தேன். மரத்துக்கும் முதலைக் கூண்டுத் தகரத்துக்கும் நடுவுல ஒரு சாண் இடம்தான், கைகூட வளையாது. அங்க பச்சையா ஒரு வெட்டு, அதுல விரல் தண்டி ஒட்டுப்பால்.

வெட்டு எப்பவும் இடப்பக்கம் உசந்து வலப்பக்கம் இறங்கணும், எந்தத் தோட்டத்துலயும் அப்படித்தான் பழக்குவாங்க. இது வலப்பக்கம் உசந்து இடப்பக்கம் இறங்குது. இடதுகைக்காரங்க வெட்டு. அழகான வெட்டு சரசு, மரத்துக்கு ஒரு காயம் இல்ல, எனக்கே அப்படி வராது.

எங்க அம்மா இடதுகை இல்ல, அப்பாவும் இல்ல. நாங்க குடியிருந்த லயத்து வீடுங்கள்லயே யாரும் கிடையாது. எனக்காக வந்து நின்னவங்க யாருன்னே தெரியல. இன்னிக்கு வரைக்கும் யாரு பேரைச் சொல்லிக் கும்புடுறதுன்னு தெரியாம முழிக்கிறேன்.