ஹெட்செட் பற்றி நான் சொன்ன பொய்

காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்தபோது மனைவியையும் மகளையும் கோயம்புத்தூரிலேயே விட்டுவிட்டு வந்தேன். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. நடுவில் பள்ளியை மாற்ற வேண்டாம் என்று மூவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறை பிடித்தேன். ஏனாத்தூரில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை. என்னுடைய மவுண்டன் பைக்கில் போய்வருவேன். கீழ்வீட்டில் காலையிலேயே தறி ஓடத் தொடங்கிவிடும். தறியில் வேலையாக இருப்பவர்களிடம் நானாகப் போய் நின்று பேசத் தயக்கம். சில நாட்களில் ஹோட்டலில் "ரெண்டு இட்லிங்க" என்று சொன்னதைத் தவிர நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

மழை ஓய்ந்த சமயத்தில், முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் திரும்புவதற்காக, சைக்கிளின் கழுத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக பேரிங் இருக்கும். அதற்குத்தான் ஹெட்செட் என்று பெயர். ஆய்வகத்தில் உடன் இருப்பவரிடம், "ஹெட்செட் கெட்டுப்போச்சுங்க" என்றேன். அவர் தன் காதில் இருந்ததைக் கழற்றி நீட்டினார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, மாலையில் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களின் குழு ஒன்று என் போனில் இருந்தது. அதில் ஹெட்செட்டைப் படம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். மளமளவென்று பதில்கள் வந்தன. அந்தக் கம்பெனி செட்டு ஒரு மழைக்குத் தாங்காது என்றார் ஒருவர். மூன்று வருஷமாக அதையேதான் ஓட்டுகிறேன், வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்களுக்குத்தான் கெட்டுப்போகும் என்றார் இன்னொருவர். பழைய பால்ரஸ் குண்டுகளே மேல், எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் என்றார் ஒரு பெரியவர். வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் இயந்திரம் பார்க்கும் ஒருவர் மட்டும் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"இப்பவே பேரிங்க மாத்தாதீங்க சார். ஹேண்டில்பார புடிச்சினு இருக்கற ஸ்டெம்மோட சைடு போல்ட்ட லூஸ் பண்ணிட்டு, மேல் மூடிய கால் சுத்து டைட் பண்ணுங்க. அப்பால சைடு போல்ட்ட இறுக்குங்க. அவ்ளோதான்."

அப்படியே செய்தேன். சத்தம் நின்றுவிட்டது. குழுவில் அதை எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பிறகு பேச்சு டயர் பக்கம் போய்விட்டது.

இரண்டு நாள் பொறுத்து, 'சத்தம் மறுபடி வருகிறது' என்று எழுதினேன்.

வரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் எழுதிய நிமிடமே பதில்கள் வரத் தொடங்கின. அடுத்த வாரம், இடது பக்கம் திருப்பினால் பிடிக்கிறது என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம், கிரீஸ் போட்டும் பயனில்லை என்றேன். அறைக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து படிப்பேன். மனைவி போனில், "யார்கூடப் பேசிட்டிருக்கீங்க, எப்பப் பாத்தாலும் ஆன்லைன்லயே இருக்கீங்க" என்றாள். நண்பர்கள் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாலாஜாபாத் ஆலைக்காரர், நான் எப்போதோ குழுவில் எழுதியிருந்த தெருவை விசாரித்துக்கொண்டு, தன் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். முப்பது வயதுதான் இருக்கும். முதுகுப் பையில் ஸ்பானர்கள். "நேர்ல பாத்துட்லாம்னு வந்தேன் சார்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பினார். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து செய்தார்.

"நல்லாத்தானே இருக்குது சார்?"

"மொத வாரமே சரியாயிடுச்சுங்க. நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ ஏன் எழுதிக்கினு இருந்தீங்க?"

"எழுதினா யாராவது பதில் போடறாங்க."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். "இதே செட்டுதான் வாங்கலாம்னு இருந்தேன் சார். நீங்க எழுதினதப் படிச்சிட்டு வேணாம்னு உட்டுட்டேன்."

டீ சாப்பிடலாமா என்றேன். தெருமுனைக் கடையில் இருவரும் நின்று குடித்தோம். எவ்வளவு நாளாகத் தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டு மாதம் என்றேன். "ஷிஃப்டு இருக்குது சார்" என்று கிளம்பிவிட்டார். குழுவில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை போடவில்லை.

நான்தான் எழுதினேன்: ஹெட்செட்டில் குறையில்லை, நான் சொன்னது பொய், நம்பி யாராவது வாங்காமல் விட்டிருந்தால் மன்னியுங்கள். வெகுநேரம் யாரும் பதில் போடவில்லை. பிறகு அந்தப் பெரியவர், 'பரவாயில்ல தம்பி' என்று மட்டும் எழுதினார்.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில் வாலாஜாபாத்துக்கு ஓட்டிப்போனேன். ஆலைக்காரர் தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு ஆலை வாசலுக்கு வந்தார். பத்து நிமிடம் பேசியிருப்போம்.

"வீட்ல எப்ப வராங்க சார்?"

"பரீட்சை முடிஞ்சதும்னு சொல்லியிருக்காங்க."

"நல்லது. வெயில் ஏறுது, கிளம்புங்க."

உள்ளே யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். நான் ஊரை ஒட்டிய பாலாற்றுப் பாலம் வரை போய், ஓரமாக வண்டியைச் சாய்த்துவிட்டு, ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எதிர்க்காற்றில் மெதுவாக மிதித்து ஊர் வந்து சேர்ந்தேன்.