அண்ணனுக்கு நான் சொன்ன பாதிப் பாடம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஷூவின் ஒட்டுப்பட்டையைச் சர்ரென்று பிரிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் தூக்கிவாரிப் போடுகிறது. என் அண்ணனின் நுரையீரலுக்குள் கேட்ட சத்தம் அது. "நீங்க பயாலஜி டீச்சர்தானே, கேட்டுப் பாருங்க" என்று டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார். அண்ணன் மூச்சை இழுக்க இழுக்க, அவன் முதுகுக்குள்ளே யாரோ பட்டையைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மண்ணூர்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் முப்பது வருடம் மணல் தூசிக்குள் நின்றவன் அவன். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டின் முதல் மாடியில் நாங்கள் இரண்டே பேர். நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். நான் சும்மா இருக்கமாட்டாமல் அது ஏன், இது ஏன் என்று கேட்டேன். நம் செல்கள் தங்களுக்குள் சேரும் குப்பையைத் தாங்களே தின்று சுத்தம் செய்துகொள்ளும், இந்த நோயில் அந்த வேலை மந்தப்பட்டுப் போகிறது, தழும்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஆரம்பித்தான். "இன்னா பாப்பா, குப்பைய அதுவே துன்னுதுன்னாரே, இன்னா அது?"

எனக்கு நாற்பத்தேழு வயது. அவனுக்கு நான் பாப்பாதான். பாடம் நடத்தக் கிடைத்தால் எனக்குத்தான் தலைகால் புரியாதே! "வெளியிலேர்ந்து சாப்பாடு வரலன்னா, செல்லு உள்ள கெடக்கிற பழசையெல்லாம் உடைச்சுத் தின்னும். பட்டினிதான் அதைக் கிளப்பிவிடும்" என்றேன்.

"அப்போ பட்டினி கெடந்தா உள்ள சுத்தமாயிடுமா?"

எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. "ஆகும் ஆகும், எறங்கு" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. சோதனைச்சாலையில் தெரிவது வேறு, படுத்திருக்கும் மனுஷன் வேறு. இந்த நோய்க்காரன் பட்டினி கிடந்தால் தழும்பு ஆறும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. மூச்சை இழுக்கும் தசைக்குச் சோறு வேண்டும். இந்த மீதிப் பாதியை நான் சொல்லவே இல்லை. வகுப்பில் இப்படிப் பாதியில் விட்டிருந்தால் என்னையே நான் திட்டியிருப்பேன்.

அது தவக்காலம். காலைச் சாப்பாட்டை விடுவது எங்கள் வீட்டில் வழக்கம்தான் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் பழையபடி தோசை சுட்டு மூடி வைத்துவிட்டு ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்பினேன். மாலை வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆனால் அவன் சட்டை மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. எடை குறையவே கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தை அவன்மேல் காட்டினேன்.

"தின்னதெல்லாம் எங்கதான் போவுது உனக்கு?"

அவன் சிரித்தான். இருமல் அடங்கியதும், "உள்ள வேலை நடந்துகினு கீது பாப்பா" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். போய்விட்டான்.

அடக்கம் முடிந்த வாரம் நான் லீவில் வீட்டில் இருந்தபோது, காலை எட்டு மணிக்கு ஒரு செம்பட்டை நாய் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல் கீழே இறங்கிப் போய் விரட்டினேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர் தடுத்தார்.

"அத்த வெரட்டாதம்மா. அண்ணாத்தே டெய்லி ஜன்னல்லேர்ந்து தோச போடுவாரு. அதுக்கோசரம் வந்து நிக்குது."

"எந்தத் தோசை?"

"நீ சுட்டு வெச்சுட்டுப் போவியே, அதான். நானே கேட்டுகீறேன், இன்னா அண்ணாத்தே, நீ துன்னாம நாய்க்குப் போடுறியேன்னு. பட்டினி கெடந்தா உள்ள சுத்தமாவும்னாரு. என் தங்கச்சி டீச்சரு, அது தப்பா சொல்லாதுன்னாரு."

இஸ்திரிப் பெட்டியின் சூடு முகத்தில் அடிக்க, நான் அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

உங்களால் ஒன்றும் ஆகவில்லை, தழும்பு முற்றிவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். அதை நம்பத்தான் பார்க்கிறேன். இந்த வருடம் வகுப்பில் செல்லைப் பற்றிய பாடம் வந்தபோது வேறொரு டீச்சரை எடுக்கச் சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் காலையில் நான்கு தோசை சுடுகிறேன். இரண்டை ஜன்னல் வழியாகப் போடுகிறேன். நாய் தின்றுவிட்டு நகராமல் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறது. என் அண்ணன் கடைசி மாதங்களில் தினமும் அந்த ஜன்னலில் பசியோடு நின்றிருக்கிறான், நான் சொன்னேன் என்பதற்காக.