பூனைக்கு ஒரு ஃபேன்

குன்னூர் லாட்ஜ் மேனேஜரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். கடும் வெப்பம், ஆங்காங்கே இடியுடன் மழை என்று டிவியில் எச்சரித்த அன்றும் நீங்கள் கம்பளிக் குல்லாவைக் கழற்றவில்லை. நெற்றி வியர்வையை அதன் விளிம்பால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அம்மாவுக்கு மூச்சு முட்டுதுங்க, ஒரு ஃபேன் குடுங்க" என்றேன்.

"ஏனுங்க, குன்னூருக்கு வந்து ஃபேன் கேட்டா ஊரே சிரிக்குமுங்க. வேணும்னா இன்னொரு கம்பளி தர்றனுங்க."

அப்போது இடி இடித்து கரண்ட் போனது. அதுவரை உங்கள் மேசைக்கடியில் கேட்ட உர்ர் சத்தமும் நின்றது. குனிந்து பார்த்தேன். ஃபேன்!

"அது பூனைக்குங்க" என்றீர்கள்.

கரண்ட் வந்ததும் நீங்களே அதைத் தூக்கிவந்து அம்மாவின் கட்டிலருகே வைத்தீர்கள். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். இருந்தாலும் விடமாட்டேன். குல்லாவைக் கழற்றிவிட்டு, லாட்ஜில் தங்கியிருக்கும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: பூனை எங்கே?