ஸ்பொஞ்ச் இல்லாத மட்டைகள்

எங்கள் அரசாங்கக் கந்தோரில் கடிதங்களைப் பதிகிறவர்கள் இருவர்: நானும், கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து ஸ்கூட்டியில் வரும் ராத்தாவும். அக்காவை அவர்கள் வீட்டில் ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கந்தோர்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் பெண்கள் இரட்டையர் மேசைப்பந்துக்கு எங்கள் பக்கம் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. நான் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ராத்தா எங்கள் இருவரின் பெயரையும் எழுதிவிட்டார்.

"எனக்கு விளையாடத் தெரியாதே, ராத்தா!"

"எனக்கு மட்டும் தெரியுமா? ஒரு நாள் கடிதம் பதியாம இருக்கலாம், தங்கச்சி."

மட்டை தேடிக் களஞ்சிய அறை அலுமாரியைத் திறந்தோம். பழைய கடிதக் கோவைகளுக்குப் பின்னால் ஐந்து கிடந்தன. ஒன்று வெறும் பலகை. ஒன்றில் தக்கை ஒட்டியிருந்தது. ஒன்றில் மரம் தேய்க்கும் அரத்தாள். மற்ற இரண்டிலும் பொட்டுப் பொட்டாய் முளைத்த ரப்பர் மட்டும். அடியில் ஸ்பொஞ்ச் இல்லை.

வீட்டுக்குப் போய்க் கைபேசியில் தேடினேன். ஆதியில் நீண்ட கைபிடியில் தோலை இழுத்துக் கட்டிய மட்டைகள் இருந்தனவாம். அதற்குப் பிறகு பலகையும் தக்கையும் அரத்தாளும் பொட்டு ரப்பரும் வந்து, கடைசியில்தான் ஸ்பொஞ்ச். மறுநாள் இதைச் சொன்னதும் ராத்தா எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார்.

"அப்ப நாங்க ஸ்பொஞ்சுக்கு முந்தின காலத்து வீராங்கனைகள்!"

மதிய இடைவேளையில் இரண்டு மேசைகளைச் சேர்த்து, நடுவில் கோவைகளை நிறுத்தி வலையாக்கினோம். எனக்கு அரத்தாள் மட்டைதான் பிடித்தது. பந்து பட்டதும் சரக்கென்று ஒரு சத்தம் வரும். கேட்டாலே பல் கூசும், சிரிப்பும் வரும். ஒரு பந்து யன்னல் வழியே பறந்தது. எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும்; முற்றத்தில் படுத்திருந்த ஒன்று அதை முகர்ந்து, வாயில் எடுத்து, துப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அன்று பின்னேரம் வரை எங்களுக்கு வேலை ஓடவில்லை.

போட்டி நாளில் நடுவர் என் அரத்தாள் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இது விளையாடவோ, கதவு தேய்க்கவோ? இதுக்கு விட ஏலாது."

பொட்டு ரப்பர் மட்டைகள் இரண்டையும், கந்தோர் விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டார். எதிரே நின்றவர்கள் இரண்டு இளம் பெண்கள். காலில் விளையாட்டுச் சப்பாத்து, உறையில் வைத்த சிவப்பு-கறுப்பு மட்டைகள். ராத்தா அபாயாக் கையைச் சட்டை ஊசியால் மடித்துக் குத்திக்கொண்டார்.

அவர்கள் பந்தைச் சுழற்றிச் சுழற்றி அனுப்பினார்கள். எங்கள் ரப்பருக்கு அந்தச் சுழற்சி ஒன்றும் ஏறவில்லை. நாங்கள் சும்மா மட்டையைக் காட்டினோம். 'டொக்' என்று பந்து சோம்பலாய் மிதந்து போனது. அது வருமுன்னே அவர்கள் மட்டையை வீசிவிட்டார்கள். வலைக்குள் ஒன்று, கூரைக்கு ஒன்று. முதல் ஆட்டம் எங்களுக்கு! ராத்தா சிரித்த சிரிப்பில் என்னால் அடுத்த பந்தைத் தூக்கிப் போடவே முடியவில்லை.

"சிரிக்காதீங்க ராத்தா, எனக்கும் சிரிப்பு வருது!"

"நீ என்னைப் பாக்காத!"

இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் வேகம் பிடிபட்டு, அவர்கள் எங்களைத் துவைத்தெடுத்தார்கள். மூன்றாவதில் பத்துக்குப் பத்து. மண்டபத்தில் இருந்தவர்களெல்லாம் எங்கள் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரு புள்ளி கூடியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து அவர்கள் பக்கத்து மேசை விளிம்பில் உரசிக் கீழே விழுந்தது. வென்றுவிட்டோம்! நான் ராத்தாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சுற்றில் இரண்டு தாதிமார் எங்களைப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவும் கவலையாக இல்லை. முதல் சுற்றில் எங்களிடம் தோற்ற இருவரில் ஒருத்தி வந்து, "அக்கா, அந்த மட்டையை ஒருக்காத் தாங்கோ," என்று கேட்டாள். பையிலிருந்த அரத்தாள், தக்கை, பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். மண்டபத்தைப் பூட்ட வந்தவர் சாவியைக் குலுக்கும்வரை, ஆளுக்கொரு காலத்து மட்டையோடு நான்கு பேரும் கத்திக் கத்தி விளையாடினோம்.

மறுநாள் எனக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பக்கத்து மேசையில் ராத்தா, இடது கையால் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார், எல்லாம் கோணலாக.