கரகரப்பு எங்கே இருந்தது

“ஆகஸ்ட் 18, திங்கள். மழை. அவள் படித்தாள். கரகரப்பு.” என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அடுத்த நாட்களின் குறிப்புகளில் சிலவற்றில் மழை இல்லை. கரகரப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது.

என் மனைவி எங்கள் தீவில், டெலானிபூர் பகுதியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே விழா என்றால் மைக்கைப் பிடிப்பவள் அவள்தான், ஆனால் எல்லாம் இந்தியில். தமிழை வாய்விட்டுப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று குரல் மாதிரி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

“போன்லயே பேசி அனுப்பிடறேங்க.”

“போனா? காத்து, கரண்ட் இரைச்சல், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் விழும். நம்மகிட்ட நல்ல மைக் இருக்கே” என்றேன்.

என் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் ஒரு சத்தம் ஸ்பீக்கர் வரை போய்ச் சேருவதற்குள் எத்தனை பேர் நடுவில் நிற்கிறார்கள்! அடியில் அல்சா. அது கப்பல் நிற்கிற ஜெட்டி மாதிரி. சரக்கு அங்கேதான் இறங்கியாக வேண்டும். அதன்மேல் பல்ஸ்ஆடியோ, எல்லா நிரல்களின் சத்தத்தையும் கலந்து கொடுப்பதற்கு. இசைக்காரர்களுக்கென்று ஜாக், அது வந்தால் மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். கடைசியாக பைப்வயர், அந்த இருவரின் வேலையையும் நானே பார்க்கிறேன் என்று அவர்கள் சட்டையையே போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்தர் கூட்டம். இணைய மன்றங்களில் அவர்கள் திட்டிக்கொள்வதைப் படித்தால், சத்தம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது உண்டா என்றே சந்தேகம் வரும்.

கடலடிக் கேபிள் வருவதற்கு முன் இங்கே இணையம் பெயருக்குத்தான். மெயின்லேண்ட் போகிற எல்லோரும் ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு கப்பலேறுவோம். மற்றவர்கள் சினிமா நிரப்பினார்கள். நான் லினக்ஸ் உதவிப் பக்கங்களை நிரப்பினேன். கேபிள் வந்த பிறகும் எது பழுதானாலும் என் கை அந்த டிஸ்க்கைத்தான் தேடுகிறது. அப்படி, பல்ஸ்ஆடியோ காலத்து வைத்தியத்தை பைப்வயர் காலத்துக் கணினிக்கு ஏற்றியிருந்தேன். பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டும் ஒரே சவுண்ட் கார்டைப் பிடித்து இழுத்தன.

அவள் அலுவலகம் முடிந்து வந்து தினமும் அதே பக்கத்தைப் படித்தாள். நான் பதிவைப் போட்டுக் காட்டினேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. புதன்கிழமை கேட்டாள்: “ஏங்க, என் குரலே இப்படித்தானா?”

மறுநாள் அபர்டீன் பஜாரில் புது ஹெட்போன் வாங்கினேன். கடைக்கார வங்காளி காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தாதா, லினக்ஸ் நிகாலோ, விண்டோஸ் டாலோ. பஸ்!” அதைத் தூக்கிவிட்டு விண்டோஸ் போடு அண்ணா, வேலை முடிந்தது என்கிறார். கோபம் வந்தது. அன்றைக்கு அவர் சொன்னது சரியாகவும் பட்டது, அதுதான் இன்னும் கேவலம். புது ஹெட்போனிலும் கடுகு வெடித்தது.

வெள்ளிக்கிழமை அவள் அரை நாள் விடுப்பில் வந்தாள். எங்கள் வீடு லம்பா லைனில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். விமானம் ஒன்று மேலே போய் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, போனில் படித்து அனுப்பிவிட்டாள்.

“அந்தத் திங்கட்கிழமை படிச்சதை என் போனுக்கு அனுப்புங்க. எது மோசம்னு நானே பாத்துக்கறேன்.”

அனுப்பினேன். அவள் போனில் அது ஓடியது. ஒரு கீறல் இல்லை. பின்னால் மழை, முன்னால் அவள் குரல், நிதானமாக.

மைக்குக்குத் தனி யுஎஸ்பி வழி. அது நேராக அல்சாவில் இறங்கிச் சுத்தமாகப் பதிந்திருக்கிறது. கரகரப்பு முழுவதும் திருப்பிக் கேட்கிற வழியில், அந்த இரண்டும் அடித்துக்கொண்ட இடத்தில். ஒரு பதிவையும் வேறு கருவியில் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“அப்ப இத்தனை நாள் நான் படிச்சதெல்லாம்?”

“நல்லாத்தான் இருந்திருக்கு.”

“அரே வாஹ்! உங்க கம்ப்யூட்டருக்குக் காது நல்லாத்தான் இருக்கு. வாய்தான் கோணல்.”

மாலைக்குள் அந்தத் திங்கட்கிழமைப் பதிவையும் அனுப்பினோம். பிறகு உட்கார்ந்து பல்ஸ்ஆடியோவையும் என் பழைய வைத்தியங்களையும் வழித்தெடுத்தேன். மீன் வெட்டிய பலகையைக் கழுவுகிற அருவருப்பு.

செப்டம்பரில் பதில் வந்தது. குரல் பிடித்திருக்கிறது, ஒரு சிறுகதைத் தொகுப்பைப் படிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் போனவை இரண்டு பதிவுகள். பீரோவில் படித்ததுதான் என்கிறாள் அவள். மழையில் படித்தது என்கிறேன் நான். எழுதிக் கேட்கிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறாள்: “கேட்டா மறுபடி போட்டுக் கேப்பாங்க. அவங்க கம்ப்யூட்டர் என்ன கதியோ!”

எதைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.